அறுவையும் வரையறையும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால், அச்சொல்லை வழங்கிய மக்கள் உலகை எவ்வாறு பகுத்துக் கண்டனர் என்பது புலப்படும். மருத்துவர் கையிலுள்ள கத்திக்கும் தருக்க நூலார் கையாளும் இலக்கணத்திற்கும் தொடர்பில்லை என்றே தோன்றும். ஆனால், தமிழ் இவ்விரண்டையும் ஒரே வேரிலிருந்து பெயரிட்டு அழைக்கிறது. அந்தப் பெயரீட்டில் உள்ள பொருத்தத்தை, வடசென்னையின் உழைக்கும் மக்களுடைய கைகளைக் காத்த ஒரு மருத்துவ மரபின் துணையோடு இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வேர், பல கிளைகள்

‘அறு’ என்னும் வினையடி தமிழில் இரு நிலைகளில் வழங்குகிறது. கயிறு தானே அற்றது என்னும்போது அது தன்வினை. கயிற்றை அறுத்தான் என்னும்போது பிறவினை. இவ்வடியிலிருந்து கிளைத்த சொற்கள் பல. சங்க காலத்தில் ‘அறுவை’ என்பதற்கு ஆடை என்பது பொருள். தறியிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டதாதலின் ஆடை அப்பெயர் பெற்றது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவரின் பெயரும், சிலப்பதிகாரம் காட்டும் மதுரையின் அறுவை வீதியும் இப்பொருளைக் காத்து நிற்கின்றன. இன்று அதே சொல் மருத்துவத்திற்கு உரியதாகி, அறுவை மருத்துவம், அறுவை அரங்கு என வழங்குகிறது. சலிப்பூட்டும் பேச்சையும் சென்னை மக்கள் ‘அறுவை’ என்றே கேலி செய்வர்.

இதே வேர் அறிவுத்துறையிலும் கிளைவிட்டுள்ளது. ‘அறுதி’ என்பது முடிவு. ‘அறுதியிடுதல்’ என்பது ஐயத்திற்கு இடமின்றி முடிவு செய்தல். சட்டமன்றச் செய்திகளில் வரும் அறுதிப் பெரும்பான்மையும் இதன் வழிவந்ததே. எல்லாவற்றினும் இன்றியமையாத சொல் ‘வரையறை’. வரை என்பது எல்லை அல்லது கோடு. கோடிட்டு, அக்கோட்டில் அறுப்பது வரையறுத்தல். ஒரு பொருளை ஏனைய பொருள்களிலிருந்து பிரித்து, ‘இதுவரை இப்பொருள், இதற்கப்பால் வேறு’ என்று காட்டுவதே அதன் பணி.

‘துணி’ என்னும் அடியும் இவ்வாறே. துணித்தல் என்றால் வெட்டுதல். துணிதல் என்றால் முடிவு செய்தல். வெட்டப்பட்ட ஆடையும் துணியே. ஆங்கிலத்தில் முடிவைக் குறிக்கும் ‘டிசிஷன்’, கத்தியால் கீறுதலைக் குறிக்கும் ‘இன்சிஷன்’ ஆகிய இரண்டும் வெட்டுதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் அடியிலிருந்து பிறந்தவை. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிக் குடும்பங்கள் முடிவெடுத்தலை வெட்டுதலாகவே கண்டுள்ளன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அறிவு மற்றொன்றை விலக்கியே ஆக வேண்டும் என்பதை இவ்வொற்றுமை காட்டுகிறது.

வரையறையின் மூன்று குற்றங்கள்

எல்லாக் கோடும் சரியான கோடாகிவிடாது. தவறான இடத்தில் விழும் கோட்டை இந்தியத் தருக்க நூலார் மூன்று குற்றங்களாகப் பிரித்தனர். சொல்லப்பட்ட இலக்கணம் அப்பொருளின் ஒரு பகுதியை மட்டும் தழுவி, எஞ்சியதை விட்டுவிடுமாயின் அது அவ்வியாப்தி. பிற பொருள்களையும் சேர்த்துத் தழுவிக்கொள்ளுமாயின் அது அதிவியாப்தி. அப்பொருளில் எங்குமே பொருந்தாதாயின் அது அசம்பவம்.

‘கை’ என்பதை வரையறுக்க முயன்றால் இம்மூன்றும் விளங்கும். ‘ஐந்து விரல்களை உடைய உறுப்பு கை’ என்று கூறினால், விபத்தில் ஒரு விரலை இழந்தவரின் கை கையாகாமல் போய்விடும், இது அவ்வியாப்தி. ‘பற்றும் உறுப்பு கை’ என்று கூறினால், நண்டின் கொடுக்கும் யானையின் துதிக்கையும் அதனுள் அடங்கிவிடும், இது அதிவியாப்தி. யானையின் அவ்வுறுப்பைத் தமிழ் ‘கை’ என்றே அழைப்பது இவ்விடத்து எண்ணத்தக்கது. ‘எலும்பில்லாத உறுப்பு கை’ என்பது அசம்பவம். மனிதனின் ஒவ்வொரு கையிலும், மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை 27 எலும்புகள் உள்ளன.

தமிழ் இலக்கணிகளும் இச்சிந்தனையில் வல்லவர்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகியன முதலில் நிற்கின்றன. நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளில் ‘ஏதுவின் முடித்தல்’ என்பது காரணங்காட்டி முடிவுக்கு வருதல். ‘ஒருதலை துணிதல்’ என்பது ஐயப்பாடுள்ள இடத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து உறுதிசெய்தல். துணிதல் என்னும் சொல் இங்கே தருக்கக் கலைச்சொல்லாகவே ஆளப்பட்டுள்ளது.

கத்தியோடு கற்ற தருக்கம்

இந்தியாவின் பழைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சங்கிதை, கீறுதல், வெட்டியெடுத்தல், சுரண்டுதல், துளைத்தல், தையலிடுதல் முதலிய எட்டு வகைச் செயல்களைக் கூறுகிறது. மாணவர் மனித உடலில் கத்தியை வைப்பதற்கு முன்பு பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களில் அறுத்துப் பழக வேண்டும் என்றும் விதிக்கிறது. அதே நூலின் இறுதிப் பகுதியில் முப்பத்திரண்டு ‘தந்திரயுக்திகள்’ இடம்பெற்றுள்ளன. இவை ஒரு நூலின் பொருளை ஆராய்ந்து முடிவு காணும் தருக்க முறைகள். தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் உத்திகளை முப்பத்திரண்டு என்றே எண்ணுகின்றன. அறுவை மருத்துவ நூலும் மொழியிலக்கண நூல்களும் சிந்தனை முறைக்கு ஒரே எண்ணிக்கையை வகுத்துள்ளமை, அக்காலக் கல்வியில் துறைகளுக்கிடையே நிலவிய உறவைக் காட்டுகிறது. அறுக்கக் கற்பவர் ஆராயவும் கற்றாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அறுவை மருத்துவம் தமிழகத்தில் நன்கறியப்பட்டிருந்தது என்பதற்கும் சான்று உண்டு. குலசேகராழ்வார் தம் பெருமாள் திருமொழியில், கத்தியால் அறுத்துச் சூடிட்ட போதும் மருத்துவரிடம் அன்பு நீங்காத நோயாளியை உவமையாக்குகிறார். அறுப்பவர் மீது அன்பு நிலைக்க வேண்டுமாயின், அந்த அறுப்பு காப்பதற்காகவே நிகழ்ந்தது என்னும் நம்பிக்கை வேண்டும்.

கஞ்சித்தொட்டி மருத்துவமனை

அந்த நம்பிக்கையை நாள்தோறும் தாங்கி நிற்கும் இடங்களுள் ஒன்று வடசென்னையில் உள்ளது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இப்பகுதி உழைப்பால் உருவானது. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் தொடர்வண்டி நிலையம், தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையின் தொடக்க இடம். சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரின் தொழிற்சாலைகள், 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் ஆகியன பல்லாயிரவருக்கு வாழ்வளிக்கின்றன. லேத்துப் பட்டறை, அழுத்து எந்திரம், பளுதூக்கி, விசைப்படகின் கயிறு, ஐஸ் உடைக்கும் எந்திரம் என இங்குள்ள தொழில்கள் யாவும் கையை நம்பியவை. எனவே, எந்திரத்தில் சிக்கிச் சிதைவதும் பெரும்பாலும் கையே.

ராயபுரத்தை ஒட்டி, பழைய சிறைச்சாலைச் சாலையில் அமைந்துள்ளது அரசு ஸ்டான்லி மருத்துவமனை. முதியோர் பலர் இன்றும் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். 1782-இல் சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அப்பெயரில் தங்கியுள்ளது. கஞ்சி வார்த்த இடத்தின் வழியில் மருத்துவப் பணி வளர்ந்தது; 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று.

1970-களில் இம்மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி, கை அறுவை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தார். எலும்பைச் சேர்க்க ஒருவர், தோலை ஒட்ட ஒருவர், பயிற்சியளிக்க வேறொருவர் எனச் சிதறியிருந்த மருத்துவம், கையை முழுமையான ஓர் உறுப்பாகக் காணும் துறையாக மாறியது. பின்னாளில் அது கை ஆராய்ச்சிக்கும் மறுவாழ்வுக்குமான நிலையமாக விரிவடைந்தது. ‘மறுவாழ்வு’ என்னும் சொல் அதன் பெயரிலேயே இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. தையல் பிரித்த அன்று மருத்துவம் முடிவதில்லை. உழைப்பாளி தம் கையால் மீண்டும் ஒரு கருவியைப் பற்றும் அன்றுதான் அது நிறைவுறுகிறது.

காயத்தில் இடும் கோடு

எந்திரத்தில் நசுங்கிய கை அறுவை அரங்கிற்கு வரும்போது, மருத்துவரின் முதற்பணி காயத்தைத் தூய்மை செய்வது. மண்ணும் எண்ணெயும் உலோகத் துகளும் கலந்த காயத்தில், இறந்துபோன தசையை வெட்டி நீக்கி, உயிருள்ள தசையை விட்டுவைக்க வேண்டும். இரண்டும் அருகருகே, ஒரே நிறக் குழப்பத்தில் கிடக்கும். எங்கே கோடு இடுவது என்பதே வினா.

தருக்க நூலார் கூறிய குற்றங்கள் இங்கே உயிர்பெற்று எழுகின்றன. இறந்த தசையில் ஒரு பகுதியை மட்டும் நீக்கி எஞ்சியதை விட்டுவிட்டால், அங்கே கிருமிகள் பெருகிக் காயம் சீழ்பிடிக்கும். இது அவ்வியாப்தி போன்றது. அச்சத்தால் உயிருள்ள தசையையும் சேர்த்து வெட்டிவிட்டால், இயங்கக்கூடிய விரல் இயக்கம் இழக்கும். இது அதிவியாப்தி போன்றது. ஏட்டில் நேர்ந்த பிழையை அடித்துத் திருத்தலாம். உடலில் நேர்ந்த பிழைக்கு அவ்வாய்ப்பு அரிது.

இந்த எல்லையை அறிய மருத்துவர் நான்கு அடையாளங்களைப் பார்க்கிறார்: தசையின் நிறம், அதன் உறுதி, தொட்டால் சுருங்கும் தன்மை, வெட்டினால் குருதி கசியும் தன்மை. உயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் அடையாளங்களே தெரிகின்றன. கண்ட அடையாளத்திலிருந்து காணாத ஒன்றை அறிவதே அனுமானம் எனப்படும் கருதலளவை. மலையில் புகையைக் கண்டு நெருப்பை உணர்வது இதற்கு நூலார் கூறும் எடுத்துக்காட்டு. மணிமேகலையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புகளில் மருத்துவரின் எண்ணத்தைப் பொருத்திக் காணலாம்.

பக்கம்: இத்தசை உயிருள்ளது.
ஏது: குருதி கசிதலால்.
திட்டாந்தம்: குருதி கசியும் தசை உயிருள்ளது, நலமான தசையைப்போல.
உபநயம்: இத்தசையிலும் குருதி கசிகிறது.
நிகமனம்: ஆதலின், இத்தசை உயிருள்ளது.

இம்முடிவுக்குப் பின்னரே கத்தி நகர்கிறது. ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்னும் திருக்குறளின் தெரிந்துசெயல்வகைக்கு இதனினும் பொருத்தமான களம் அரிது.

நீக்குவதா, காப்பதா?

சிதைந்த உறுப்பை முழுவதும் நீக்குவதா, அரிதின் முயன்று காப்பதா என்பது இதனினும் கடினமான வினா. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் எஸ். ராஜசேகரன், எஸ். ராஜா சபாபதி உள்ளிட்ட குழுவினர், கால் எலும்பு முறிந்து தோலும் தசையும் சிதைந்த காயங்களை மதிப்பிட ஒரு புள்ளிமுறையை உருவாக்கி 2006-இல் வெளியிட்டனர். மேலே மூடியிருக்கும் தோல், உள்ளிருக்கும் எலும்பு, இயக்கம் தரும் தசைநார்களும் நரம்பும் ஆகிய மூன்றும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடப்படுகின்றன. நோயாளியின் வயது, பிற நோய்கள் போன்ற இடர்களுக்கும் புள்ளிகள் சேர்க்கப்படுகின்றன. கூட்டுத்தொகை குறைவாயின் உறுப்பைக் காக்கலாம். மிகுதியாயின் நீக்குதலே நலம். இரண்டிற்கும் இடையில் சாம்பல்நிறப் பகுதி ஒன்றும் உண்டு. அங்கே எண்கள் அமைதியாகிவிடும். மருத்துவரின் பட்டறிவும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்தே துணிய வேண்டும்.

காத்தல் எப்போதும் சிறந்தது என்று எண்ணுதலும் பிழையாகலாம். பல அறுவைகளுக்குப் பின்னும் விறைத்து, உணர்ச்சியற்று நிற்கும் விரல், உழைப்பவருக்குத் துணையாகாது. எந்திரத்தில் மீண்டும் சிக்கித் துன்பமும் தரலாம். ‘கை’ என்பதை உருவத்தால் வரையறுக்கும் மருத்துவர் ஐந்து விரலையும் எப்பாடுபட்டேனும் நிறுத்த முயல்வார். பற்றுதலாலும் தொட்டுணர்தலாலும் வரையறுப்பவரோ, எவ்விரல் பயன்படும், எது தடையாகும் என்று ஆராய்வார். வரையறை மாறினால் அறுவையும் மாறுகிறது.

காப்பதற்காக ஓர் அறுப்பு

இவ்வுண்மைக்கு ஸ்டான்லி மருத்துவமனையில் பிறந்த ஓர் அறுவை முறையே சான்று. விரலின் நுனி சாய்வாக வெட்டுண்டால் எலும்பு வெளியே தெரியும். மூடுவதற்குத் தோல் போதாது. எலும்பை இன்னும் சிறிது வெட்டிக் குறைத்து, இருக்கும் தோலை இழுத்துத் தைத்துவிடுதல் எளிய வழி. காயம் விரைவில் ஆறும். ஆனால் விரல் குட்டையாகும். பெருவிரலாயின் பிடியின் வலிமையே குறையும்.

வெங்கடசாமியும் அவருடன் பணியாற்றிய என். சுப்பிரமணியனும் இதற்கு மாற்றுவழி கண்டு, 1980-இல் பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியிட்டனர். காயத்தின் விளிம்பையே அடியாகக் கொண்டு, விரலின் உள்ளங்கைப் பக்கத் தோலில் ஒரு முக்கோணம் வரையப்படுகிறது. அதன் ஒரு பக்கம் விரலின் ஓரமாக நேராகச் செல்லும். மறுபக்கம் சாய்வாகச் சென்று அதனோடு சேரும். ஒவ்வொரு விரலிலும் இருபுறமும் நரம்பும் குருதிக்குழாயும் இணைந்தோடுகின்றன. அவற்றுள் ஒருபுறத்து இணையை அறுக்காமல் காத்து, அதனோடு ஒட்டிய தோல்முக்கோணத்தை மட்டும் விடுவித்து, முன்னோக்கி நகர்த்தி, திறந்த நுனியை மூடுகின்றனர். சாய்முக்கோண மடல் எனத்தக்க இம்முறையில் எலும்பைக் குறைக்க வேண்டிய தேவை நீங்குகிறது. நரம்பும் உடன் வருவதால் நுனியில் தொடுவுணர்வு நிலைக்கிறது.

முந்தைய வழியிலும் கத்தி உண்டு. இவ்வழியிலும் கத்தி உண்டு. முந்தையது காயத்தின் அளவுக்கு விரலைக் குறைக்கிறது. பிந்தையது விரலின் தேவைக்கு ஏற்பத் தோலை வகுக்கிறது. எதை அறுக்கக் கூடாது என்பதை முதலில் அறிந்த பின்னரே, எதை அறுக்க வேண்டும் என்பது இங்கு முடிவாகியுள்ளது. பொருள்களைப் பகுப்பவர், திறமற்ற கசாப்புக்காரரைப்போல் உறுப்பை முறிக்காமல், இயல்பாக அமைந்த மூட்டுகளின் வழியே பகுக்க வேண்டும் என்று கிரேக்க அறிஞர் பிளேட்டோ கூறிய கருத்து, ஒரு தொழிலாளியின் விரல்நுனியில் மெய்ப்படுகிறது.

2018-இல் இதே மருத்துவமனை, இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கொடையாகப் பெற்ற கைகளைப் பொருத்தியது. தமிழகத்தில் நிகழ்ந்த முதல் கைமாற்று அறுவை அது. எலும்பு, தசைநார், குருதிக்குழாய், நரம்பு என ஒவ்வொன்றையும் இனங்கண்டு, உரிய இணையோடு சேர்த்தாலன்றி அக்கை இயங்காது. பிரித்தறியத் தெரிந்தவர்க்கே பொருத்தவும் இயலும்.

அறிவின் கூர்மை

சொல்லை வரையறுப்பவரும் உடலை அறுப்பவரும் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றனர்: எல்லை எங்கே? குறைவாக அறுத்தால் பொய்ம்மையோ நோயோ உள்ளே தங்கும்; மிகுதியாக அறுத்தால் உண்மையோ உயிரோ வெளியேறும். கத்தியின் கூர்மை பட்டறையில் கிடைக்கும்; கோட்டின் கூர்மை கல்வியால் மட்டுமே கிடைக்கும். தமிழ், இரு செயல்களுக்கும் ஒரே வேரைத் தந்து, கூர்மையோடு பொறுப்பையும் இணைத்துள்ளது. நாளை நீதிபதியாகவும் பொறியாளராகவும் மருத்துவராகவும் முடிவெடுக்கப்போகும் மாணவர் எவரும், பிறர் வாழ்வின்மீது கோடிடும் நாள் வரும். அன்று, கோட்டுக்கு அப்பால் யார், எது வெட்டுப்படுகிறது என்று ஒருமுறை பார்த்தல் வரையறையின் அறமாகும்.

தெரிந்து தெளிவோம்

விபத்தில் விரல் துண்டானால், காயத்தின்மீது தூய துணியை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான பகுதியை ஈரமான தூய துணியில் சுற்றி, நீர் புகாத நெகிழிப்பையில் இட்டுக் கட்டி, அப்பையை ஐஸ் கலந்த நீரில் வைக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகம் போன்ற இடங்களில் ஐஸ் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும். எனினும், துண்டான விரலை நேரடியாக ஐஸில் புதைத்தல் கூடாது. திசுக்கள் உறைந்து அழிந்துவிடும். 108 ஊர்தியை அழைத்து உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். தசை மிகுந்த உறுப்பாயின் சில மணிநேரத் தாழ்வும் இணைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

பகுபத உறுப்பிலக்கணம்

வரையறுத்தனர் – வரையறு + த் + த் + அன் + அர்
வரையறு – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்…

1. ‘அறு’, ‘துணி’ ஆகிய அடிகளிலிருந்து பிறந்த சொற்களைத் தொகுத்து, வெட்டுதற்பொருள் தருவன, முடிவுப்பொருள் தருவன என இரு பட்டியல்களாக அமைக்க.
2. ‘பள்ளி’, ‘உழைப்பு’, ‘கடல்’ ஆகியவற்றுள் ஒன்றனுக்கு வரையறை எழுதி, அதில் மூவகைக் குற்றங்களுள் ஏதேனும் உள்ளதா என வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதியில் கைத்தொழில் செய்வோர் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் கைகளைக் காக்கப் பின்பற்றும் முறைகளைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
4. ‘எதை அறுக்கக் கூடாது என்று அறிந்த பின்னரே எதை அறுக்க வேண்டும் என்பது முடிவாகும்’ – இக்கருத்தை மருத்துவம் அல்லாத ஒரு துறைக்குப் பொருத்தி விளக்குக.